பன்னிரண்டாவது ஸ்லைடு

மார்ச் 3, செவ்வாய்

புது மெஷின் வந்து ஒன்பது நாள். எனக்கும் அதற்கும் இன்னும் ராசியாகவில்லை. இருபத்தாறு வருஷமாக என் கை செய்த வேலையை இனி அது செய்யுமாம். ஸ்லைடுகளை அடுக்கிக் கதவைச் சாத்தினால் போதும், மூன்று மணி நேரத்தில் சாயம் ஏற்றித் தந்துவிடும். "மெஷினுக்கு மறதி கிடையாது. அது ஒண்ணுதான் லாபம்" என்றார் டாக்டர். ஏன், எனக்கு மட்டும் இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தேன். லேபில் எனக்குக் 'கண்கொத்தி' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. பாம்பு என்பதை மட்டும் மரியாதைக்காக விட்டுவிட்டார்கள்.

பதினோரு மணிக்குப் பெட்டி அண்ணன் வந்தார். நாலு ஆஸ்பத்திரிகளிலிருந்து சோதனைக்கு வரும் சதைத் துண்டுகளைத் தோளில் பெட்டி மாட்டிக்கொண்டு வந்து எங்கள் ஜன்னலில் சேர்ப்பவர். திரும்பும்போது எங்கள் ரிப்போர்ட்டுகளையும் தபால்களையும் பையில் எடுத்துப்போவார். இத்தனை வருஷத்தில் ஒரு துண்டைத் தொலைத்ததில்லை.

"எண்ணிக்கோங்கம்மா" என்று சீட்டை நீட்டினார். வழக்கம்போல எண்ணாமல் கையெழுத்துப் போட்டேன்.

"நீங்க எண்ணினா நான் எண்ணின மாதிரிதாண்ணா."

"என் வீட்டுக்காரி இருந்தா நம்ம ரெண்டு பேரையும் திட்டுவா. பூட்டின பூட்டையே ரெண்டு தடவை இழுத்துப் பாக்கறவ" என்றார். அவர் மனைவி இறந்து மூன்று வருஷமாகிறது. இன்னமும் 'பாக்கறவ' என்றுதான் சொல்கிறார்.

மார்ச் 5, வியாழன்

மெஷினை நம்பலாமா என்று அதற்கு ஒரு பரீட்சை. நோயாளிகளின் சதையை மெழுகில் புதைத்து வருஷக்கணக்கில் வைத்திருப்போம். அந்தப் பழைய மெழுகுக் கட்டிகளில் இருபது எடுத்தேன். எல்லாம் மார்பகப் புற்று. பத்தில் நாங்கள் தேடும் புரதம் நிறைய உண்டு என்று அப்போதே ரிப்போர்ட் ஆனது, அவை பழுப்பாக வரவேண்டும். மற்ற பத்தில் இல்லை, அவை நீலமாகவே நிற்கவேண்டும்.

இருபதில் பத்தொன்பது சரி. 4417 என்று எண்ணிட்ட கட்டி மட்டும் நீலமாக இருக்கவேண்டியது, பழுப்பு. அதுவும் லேசாக இல்லை. ஒவ்வொரு செல்லையும் சுற்றி வேலி கட்டினாற்போல.

மெஷின் தோற்றுப்போனதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். நாளைக்குத் திரும்ப ஓட்டிப் பார்க்கவேண்டும்.

மார்ச் 6, வெள்ளி

மறுபடியும் பழுப்பு.

மார்ச் 9, திங்கள்

இன்று கையால் போட்டேன். கட்டியைச் சீவும்போது அவசரத்தில் இடது ஆள்காட்டி விரலையும் சீவிக்கொண்டேன். விரலில் கட்டுடன் எல்லாப் படிகளையும் ஒழுங்காகச் செய்தேன். பழுப்பு. எனக்கும் மெஷினுக்கும் முதல் தடவையாக ஒத்துப்போய்விட்டது.

பழைய ஸ்லைடைத் தேடி எடுத்தேன். நாலு வருஷத்துக்கு முந்தையது. முழுக்க நீலம். ஒரே கட்டி, ஒரே சதை. அன்று நீலம், இன்று பழுப்பு. சதை மாறாது. அப்படியானால் அன்றுதான் ஏதோ தப்பு.

யாருடையது என்று பதிவேட்டைப் புரட்டினேன். பெயரைப் பார்த்ததும் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

பெட்டி அண்ணனின் மனைவி.

மார்ச் 10, செவ்வாய்

நேற்றிலிருந்து அண்ணி ஜன்னலில் நிற்கிற மாதிரியே இருக்கிறது. அவரை நான் அண்ணா என்று கூப்பிடுவதால் இவர் எனக்கு அண்ணி, அந்தக் கணக்கில் இவருக்கு நான் நாத்தனார். லேபுக்கு ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கிறார், அந்த ரிப்போர்ட் வந்த மறுநாள். ஜன்னலில் தலையை நீட்டி, "என்ன நாத்தனாரே, என்னோடத எனக்குக் காட்ட மாட்டீங்களா?" என்றார். காட்டக்கூடாது என்று விதி இல்லை. அதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். உள்ளே கூட்டிவந்து மைக்ரோஸ்கோப் முன்னால் உட்காரவைத்தேன்.

அன்று எவ்வளவு பெருமையாகப் பாடம் நடத்தினேன்! செல்லின் சுவரில் சில புரதங்கள் பாதி வெளியே, பாதி உள்ளே நிற்கும் அண்ணி. வெளியிலிருந்து 'வளர்' என்று சேதி வந்தால் பிடித்துக்கொண்டு உள்ளே இருக்கும் இன்னொரு புரதத்திடம் சொல்லும். அது அடுத்ததிடம் சொல்லும். கைமாறிக் கைமாறி நடு வரைக்கும் போய்ச் சேர்ந்ததும் செல் இரண்டாகும். காயம் ஆறுவது, பிள்ளை வளர்வது எல்லாம் அப்படித்தான். வேலை முடிந்ததும் 'போதும்' என்று வேறொரு சேதி வரும், நின்றுவிடும். சில புற்றுக் கட்டிகளில் அந்தச் சுவர்ப் புரதம் ஒன்றுக்குப் பத்தாய் இருபதாய் முளைத்துவிடும். அப்புறம் யாரும் சொல்லாமலே 'வளர், வளர்' என்று அதற்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். போதும் என்பது மட்டும் கேட்காது. அந்தக் காதை அடைக்க ஒரு மருந்து உண்டு, ஆனால் காது அதிகம் முளைத்தவர்களுக்குத்தான் அது. முளைத்திருந்தால் பழுப்பு. இல்லையென்றால் நீலம்.

"எனக்கு நீலமா?"

"நீலம்தான் அண்ணி. காது முளைக்கல."

"அப்போ என் செல்லுக்குக் காது கேக்காதா? சரிதான். எங்க வீட்டுக்காரரோட இருந்து இருந்து அதுவும் அப்படி ஆயிடுச்சு."

அண்ணனுக்கு இடது காது மந்தம். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் டாக்டர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

போகும்போது, "நீலம் நல்ல நிறம்தானே?" என்று கேட்டார்.

நல்ல நிறம்தான் என்றேன்.

மார்ச் 11, புதன்

அலமாரியின் மேல்தட்டிலிருந்து நாலு வருஷத்துக்கு முந்தைய வேலை நோட்டை இறக்கினேன். என் கையெழுத்து. அந்தத் தேதிக்கு நேரே: 'ஸ்லைடு 11. ஆன்டிபாடி 11 × 100 = 1100.' ஆன்டிபாடிதான் முதலில் ஊற்றும் திரவம். அந்தப் புரதத்தைத் தேடிப்போய் அதன்மேல் உட்காரும். அது உட்கார்ந்த இடத்தில்தான் பின்னால் பழுப்பு பிடிக்கும். ஒரு ஸ்லைடுக்கு நூறு மைக்ரோலிட்டர். அளந்து, கலந்து, மிச்சமில்லாமல் ஊற்றுவேன்.

கீழே பட்டியல். ஒன்றிலிருந்து பதினொன்று வரை கறுப்பு மை. பன்னிரண்டாவது வரி நீல மை. 4417.

ஸ்லைடு பன்னிரண்டு. ஆன்டிபாடி பதினொன்றுக்கு.

எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. வராமல் இருந்திருக்கலாம். அன்று காலையில் அண்ணன் ஜன்னலில் நின்று, "நாளைக்கே டாக்டரைப் பாக்கணும்மா. வரிசைப்படி போனா வெள்ளிக்கிழமை ஆயிடும். நீங்களே உங்க கையால பாத்துப் போட்டுருங்க" என்றார். அதற்குள் பதினொன்றும் ஆன்டிபாடியில் ஊறிக்கொண்டிருந்தன. இதைத் தனியாகச் சீவினேன், சாயம் பிடிப்பதற்காகத் தனியாகக் கொதிக்கவைத்தேன். ஊறும் நேரம் முடிந்து மணி அடித்ததும் மற்ற பதினொன்றோடு தட்டில் வைத்தேன். தட்டில் பன்னிரண்டு பள்ளம். அதுவரை ஒன்று காலியாக இருந்தது, இப்போது நிறைந்துவிட்டது. நிறைந்த தட்டைப் பார்த்தால் கைக்குச் சந்தேகம் வராது. அடுத்த படிக்குப் போய்விட்டேன். இதற்கு மட்டும் முதல் திரவத்தை ஊற்றவே இல்லை.

சரிபார்க்க என்று, பழுப்பு வரும் எனத் தெரிந்த ஸ்லைடு ஒன்றைக் கூடவே வைப்போம். அது பதினொன்றில் ஒன்று. அது அழகாகப் பழுப்பு வந்தது. அதனால் டாக்டரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வரிசையில் விட்டிருந்தால் வெள்ளிக்கிழமை பழுப்பு வந்திருக்கும். நான் உதவி செய்தேன். ஐயோ, உதவி செய்தேன்.

மார்ச் 14, சனி

லேப் மாடிக்குப் பத்தொன்பது படி. இருபத்தாறு வருஷம் ஏறியிருக்கிறேன், இன்றுதான் எண்ணிப் பார்த்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

வீட்டில் இவரிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் எப்படி இருப்பது? காலையில் மூன்று தடவை கூப்பிட்டாராம், "உனக்குக் காது கேக்கலையா?" என்று கேட்டுக்கொண்டே அடுப்படிக்கு வந்தார். அந்த வார்த்தையைக் கேட்டதும் உடைந்துவிட்டேன்.

முழுதும் கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தார். பிறகு, "யானைக்கும் அடி சறுக்கும். இது யாருக்காவது தெரியுமா?" என்றார்.

"எனக்குத் தெரியும்."

"உன்னைத் தவிர."

"இல்லை."

"அப்போ விட்டுரு. போனவங்க போயிட்டாங்க. அவர்கிட்ட சொல்லி ஆறின புண்ணைக் கிளறப் போறியா? நானும் முப்பது வருஷம் அச்சகத்துல பிழை திருத்தினவன். எத்தனை பிழையை விட்டிருப்பேன்! அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்னு போயிட்டே இருப்போம்."

"அண்ணிக்கு அடுத்த பதிப்பு கிடையாதுங்க."

அவர் கெட்டவர் இல்லை. எனக்காகப் பயப்படுகிறார். அவர் சொன்னதில் பாதி எனக்கும் பிடித்திருந்தது, அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

பெட்டியிலிருந்த டப்பாக்களை இன்று எண்ணினேன். அண்ணன் சிரித்தார். "என்னம்மா இது புதுசா? என்மேல சந்தேகமா?"

உங்கள்மேல் இல்லை அண்ணா.

அவர் போன பிறகும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'என்ன நாத்தனாரே' என்று குரல் கேட்கிறது. பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் யாரும் திரும்பவில்லை, எனக்கு மட்டும்தான் போலிருக்கிறது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுப்பு என்றால் இத்தனை சத்தமாக இருக்குமா?

மார்ச் 18, புதன்

விரலில் காயத்தின் ஓரம் இளஞ்சிவப்பாகச் சேர ஆரம்பித்திருக்கிறது. என் உடம்புக்குள்ளும் அதே சேதி ஓடுகிறது. வளர், வளர். எங்கே நிற்கவேண்டும் என்று இதற்குத் தெரியும்.

மார்ச் 20, வெள்ளி

மழை விட்டபாடில்லை. அண்ணன் கிளம்ப முடியாமல் ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டீ கொடுத்தேன். மொபைலை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

"இன்னைக்கு மகளுக்குப் பிறந்தநாள். மூணு தடவை போட்டேன், எடுக்கல. மூணு வருஷமா இப்படித்தாம்மா. வீட்டுப் பக்கமே வரதில்ல."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். அண்ணி கட்டி தட்டுப்படுகிறது என்று சொன்னபோது, கொழுப்பாக இருக்கும், சும்மா இரு என்று சொன்னாராம். இரண்டு மாதம் அப்படியே ஓடிவிட்டது. அண்ணி போன அன்று, வந்தவர்கள் எல்லாரும் இருக்கும்போதே மகள் கேட்டுவிட்டாளாம், 'அந்த ரெண்டு மாசத்தைத் திருப்பிக் குடுங்கப்பா' என்று.

"அவ கேட்டதுல தப்பில்லம்மா. தினம் பத்து டாக்டருங்க வாசல்ல நிக்கறவன் நான். என் வீட்டுக்காரியை ஒருத்தர்கிட்டயும் காட்டல. நான்தாம்மா கொன்னுட்டேன்."

வாயைத் திறந்தேன். உள்ளே போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தேன். திரும்பி வந்தபோது மழை நின்று, அவரும் போயிருந்தார்.

போன் அடிக்காவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். இங்கேயாவது பொய் எழுத வேண்டாம்.

என் தப்பை அந்த மனுஷன் மூன்று வருஷமாகத் தன் பெட்டியோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு அலைகிறார். மகளையும் இழந்துவிட்டார். இன்னும் நான் படிகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். சீ.

மார்ச் 23, திங்கள்

டாக்டர் அறைக் கதவைச் சாத்திவிட்டு, பழைய நீலம், மெஷின் போட்டது, கையால் போட்டது என்று மூன்று ஸ்லைடுகளையும் நோட்டையும் மேசையில் வைத்துச் சொன்னேன். மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"கையெழுத்து என்னோடது" என்றார்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகக் கேட்டார்: "இது மாதிரி நடுவுல சேத்துப் போட்டது வேற எத்தனை?"

இரண்டு வாரமாக ஒரே ஸ்லைடை வைத்து அழுதுகொண்டிருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

மார்ச் 25, புதன்

நோட்டுகள் எல்லாம் பார்த்தாகிவிட்டது. வேறு பேனாவில் கடைசி வரி உள்ள பக்கங்கள் முப்பத்தொன்று. இந்தச் சோதனையை ஆரம்பித்த எட்டு வருஷத்தில் முப்பத்தொரு உதவி. தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர், ஜன்னலில் அழுதவர். எல்லாருடைய கட்டியையும் எடுத்து மறுபடி சோதிக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். மெஷின்தான் போடும். நான் தொடக்கூடாது. தொடவும் மாட்டேன்.

மார்ச் 26, வியாழன்

நிர்வாகத்திலிருந்து அண்ணனுக்குக் கடிதம் தயார். "நீ வாயைத் திறக்காதே. எல்லாம் எழுத்துல போகும்" என்று டாக்டர் மூலம் எனக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

சாயங்காலம் கிளம்பும்போது தபால் தட்டைப் பார்த்தேன். மேலாக அந்தக் கவர், அவர் பெயர், வீட்டு முகவரி. எங்கள் தபாலை யார் கொண்டுபோகிறார் என்று இவர்களில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. நாளைக்குப் பதினோரு மணிக்கு அவரே அதை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொள்ளப் போகிறார். தெருத் தெருவாகச் சுமந்துபோய்த் தன் வீட்டு வாசலில் தானே கொடுத்துக்கொள்ளவேண்டும்.

முடியாது. வேலை போனால் போகட்டும்.

மார்ச் 27, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

"எண்ணிக்கோங்கம்மா" என்றார். எண்ணுகிறேன் அண்ணா, அதற்கு முன்னால் ஒன்று சொல்லவேண்டும், உட்காருங்கள் என்றேன். உட்காரவில்லை. மனப்பாடம் செய்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. "அண்ணியோட டெஸ்ட் தப்புண்ணா. தப்பு என்னோடது. முதல்ல ஊத்த வேண்டியதை ஊத்த மறந்துட்டேன். இல்லைன்னு ரிப்போர்ட் போச்சு. ஆனா இருந்துச்சு."

அவர் முகம் மாறவில்லை. வலது காதை என் பக்கம் திருப்பி, "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.

இன்னொரு தடவை சொன்னேன். அதைவிடக் கஷ்டமான வேலை நான் செய்ததில்லை.

"இருந்துச்சுன்னு தெரிஞ்சிருந்தா அந்த மருந்தைக் குடுத்திருப்பாங்களா?"

"குடுத்திருப்பாங்க."

"இருந்திருப்பாளா?"

"தெரியாதுண்ணா. நிறையப் பேருக்கு அந்த மருந்து கேட்டிருக்கு, வருஷக்கணக்குல இருக்காங்க. சில பேருக்குக் கேக்கல. அண்ணிக்கு எப்படி இருந்திருக்கும்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. அந்த வாய்ப்பே அவங்களுக்குக் கிடைக்காமப் பண்ணினது நான்."

"நான் தள்ளிப்போட்ட ரெண்டு மாசம்?"

"அதுலயும் கொஞ்சம் போயிருக்கலாம். ஆனா அது மட்டும் இல்ல. அது மட்டும்தான்னு நீங்க நினைச்சுட்டு இருக்கீங்களே, அதனாலதான் சொல்றேன்."

"அன்னைக்கு அவசரப்படுத்தினதும் நான்தானே" என்றார்.

"நீங்க கேட்டீங்க. எண்ணாம விட்டது நான்."

நான் கொண்டுவந்து வைத்திருந்த பழுப்பு ஸ்லைடை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வெறுங்கண்ணுக்கு என்ன தெரியும், ஒரு நகத்தளவு கறை. கவனமாகத் திரும்ப வைத்தார். தட்டிலிருந்து தபால்களை எடுத்தார். தன் பெயர் எழுதிய கவரைப் பார்த்துவிட்டு, மற்றதோடு சேர்த்துப் பையில் போட்டார். சீட்டில் கையெழுத்து வாங்காமலே படியிறங்கிப் போனார்.

பெட்டியில் ஏழு. எண்ணிவிட்டேன். சொல்ல ஆள் இல்லை.

மார்ச் 30, திங்கள்

பெட்டியோடு வேறு ஆள் வந்தார். அண்ணன் ரூட்டை மாற்றிக்கொண்டாராம்.

ஏப்ரல் 8, புதன்

முப்பத்தொன்றில் அண்ணியைத் தவிர முப்பது. இருபத்தொன்பது முன்பு சொன்னபடியே இருந்தன. ஒன்று மாறிவிட்டது. அதுவும் நீலம் என்று போனது, இப்போது பழுப்பு.

அந்தப் பெண் உயிரோடு இருக்கிறார். நோய் திரும்ப வந்து, என்ன கொடுப்பது என்று தெரியாமல் வைத்திருந்தார்களாம். நேற்றே அந்த மருந்தை ஆரம்பித்துவிட்டார்கள் என்று டாக்டர் சொன்னார். அவர் யார் என்று எனக்குச் சொல்லவில்லை, எண் மட்டும்தான் தெரியும்.

சந்தோஷப்படலாமா? இரண்டு வருஷம் அந்தப் பெண்ணும் என் நீலத்தை நம்பித்தானே இருந்தார். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

விரல் ஆறிவிட்டது. கோடு மட்டும் இருக்கிறது.

ஏப்ரல் 21, செவ்வாய்

விசாரணை முடிந்தது. மூன்று மாதம் நான் சாயம் போடக்கூடாது. ஜன்னலில் உட்கார்ந்து வரும் டப்பாக்களை வாங்கிப் பதிய வேண்டும். வீட்டுக்கு அனுப்பவில்லை. "மெஷினுக்கு மறதி இல்லேன்னு சொன்னேன்ல? வந்து சொல்ற புத்தியும் அதுக்கு இல்ல" என்றாராம் டாக்டர் அந்தக் கூட்டத்தில். வீட்டில் இவர்தான் யார் மூலமோ கேட்டு வந்து சொன்னார், தானே சொன்ன மாதிரி பெருமையாக.

இனி யாருக்காகவும் நடுவில் சேர்ப்பது கிடையாது. ஒவ்வொரு ஸ்லைடின் மூலையிலும், பழுப்பு வரும் என்று உறுதியாகத் தெரிந்த சதை ஒரு சிறு துண்டு ஒட்டப்படும். மூலை பழுப்பாகாவிட்டால் அந்த ஸ்லைடை நம்பக்கூடாது. நாலு வருஷத்துக்கு முன்னால் இந்த விதி இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

மே 5, செவ்வாய்

மூலையில் ஒட்ட எந்தச் சதை என்று தேடுகிறார்கள். நிறைய இருக்கவேண்டும், அழுத்தமான பழுப்பாக இருக்கவேண்டும், ஒவ்வொரு தடவையும் தவறாமல் வரவேண்டும். டாக்டர் என் ஜன்னலுக்கு வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார். "நம்மகிட்ட இருக்கறதுலயே நல்லது 4417தான்."

வேண்டாம் என்றேன். பலமாகவே சொன்னேன்போல, வெளியே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீ சொல்ல முடியாது. நானும் சொல்ல முடியாது. அவரைத்தான் கேக்கணும்" என்று கடிதம் எழுதப் போய்விட்டார்.

மே 18, திங்கள்

பதினோரு மணிக்குத் தலையைக் குனிந்து பதிந்துகொண்டிருந்தேன். ஜன்னல் திட்டில் பெட்டி வைக்கும் சத்தம். சத்தத்திலேயே தெரிந்துவிட்டது.

இளைத்திருந்தார். "அந்த ரூட்ல படிக்கட்டு ஜாஸ்தி" என்றார், நான் ஒன்றும் கேட்காமலே. பையிலிருந்து ஒரு கவரை எடுத்துக் கொடுத்தார். டாக்டர் கேட்டிருந்த சம்மதம். கையெழுத்துப் போட்டிருந்தது.

"அவளைக் கேக்காம நான் எப்படிப் போடறதுன்னு ஒரு வாரம் வெச்சிருந்தேன். மகள் வந்தா. முதல் லெட்டரையும் படிச்சா, இதையும் படிச்சா."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. சாப்பிட்டா. ரெண்டு பேரும் வெளியே கிளம்பும்போது பூட்டை ரெண்டு தடவை இழுத்துப் பாத்துட்டுப் போனா." பையில் சீட்டைத் தேடி எடுத்தார். "அம்மா புத்தி. அப்புறம்தான் போட்டேன். எல்லாத்தையும் சரிபாக்கற வேலைன்னா அவ மாட்டேன்னு சொல்ல மாட்டா."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சீட்டை நீட்டி, "எண்ணிக்கோங்க" என்றார்.

'ம்மா' இல்லை. வெறும் 'எண்ணிக்கோங்க'.

ஒன்பது. எண்ணிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 22, புதன்

மூன்று மாதம் முடிந்து இன்று முதல் நாள். முதல் ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். நோயாளியின் சதை முழுக்க நீலம். முன்பென்றால் எழுதிவிட்டு அடுத்ததை எடுத்திருப்பேன். மூலைக்கு நகர்த்தினேன். அங்கே அண்ணி, ஒவ்வொரு செல்லையும் சுற்றிப் பழுப்பாக. அப்படியென்றால் இது நிஜமான நீலம்தான், நம்பலாம். அண்ணிக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது. அன்று கேட்காமல் இருந்தது நான்தான்.

அடுத்ததை எடுத்தேன். அதிலும் மூலையில் இருந்தார். இனி நான் பார்க்கும் எல்லா ஸ்லைடிலும் இருப்பார். என்ன நாத்தனாரே, சரியாப் பாத்தீங்களா?

பதினோரு மணிக்கு ஜன்னலில் ஆள் இல்லாததால் நானே எழுந்து போனேன். பெட்டி அண்ணன். "எண்ணிக்கோங்க."

வாய்விட்டு எண்ணினேன். அவரும் உதட்டை அசைத்துக் கூடவே எண்ணினார். பன்னிரண்டு. சீட்டிலும் பன்னிரண்டு. பேனாவை எடுத்தேன்.

"இன்னொரு தடவை" என்றார்.

பேனாவை வைத்துவிட்டு ஒன்றிலிருந்து எண்ணினேன்.